உச்சியின் நிறம்

"இதைப் பார்த்ததும் எங்க டீம்ல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு மேடம்" என்று சொல்லி ஆனந்தகுமார் தன் டேப்லெட்டை மேஜைமேல் வைத்தபோது, சுகிர்தாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. திரையில் ஒரு சிறுமி நின்றாள். அவள் வரைந்த உச்சியின் பச்சைப் பாவாடை. உச்சியின் இரட்டைச் சடை. உச்சியின் நீட்டிய முன்பல். முகம் மட்டும் மைதா மாவில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது.

"இது யாரு?" என்றாள் சுகிர்தா.

ஆனந்தகுமார் சிரித்தார். அவர் சென்னையில் ஒரு சிறுவர் சேனலில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் போகிற வழியில் சங்கரன்கோவிலில் இறங்கி, சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறோடு மாடியேறி வந்திருந்தார். "என்ன மேடம், உங்க உச்சிதான். போன வியாழக்கிழமை நீங்க அனுப்பினதுதானே?"

சுகிர்தா எதையும் அனுப்பவில்லை.

பதினொரு வருடம் சென்னையில் வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர்களுக்குப் படம் வரைந்தவள் அவள். யாரோ எங்கோ யோசித்த பிள்ளைகளுக்குக் கையும் காலும் அசைத்துக் கொடுக்கிற வேலை. அது அலுத்துப்போய் ஊருக்குத் திரும்பி, திருவேங்கடம் சாலையில் ஓர் உரக்கடை மாடியில் இரண்டு அறை எடுத்து, படத்தை அசைக்கத் தெரிந்த ஹரிசங்கரையும் சேர்த்துக்கொண்டு ஸ்டுடியோ தொடங்கினாள். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண அழைப்பிதழ் வீடியோக்கள். மீதி நேரமெல்லாம் 'உச்சியும் மயிலும்'.

உச்சிமாகாளி என்பது கதையில் அந்தப் பெண்ணின் முழுப்பெயர். இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரிக் காட்டில் கடலையைத் தின்ன வருகிற ஒரு வாயாடி மயிலை அவள் பிடிக்கப் போவாள். ஒவ்வொரு வாரமும் ஒரு புதுத் தந்திரம் செய்வாள். ஒவ்வொரு வாரமும் மயில் தப்பிவிடும். உச்சியின் முகத்தை ஹரிசங்கரின் ஒன்பது வயது மகள் மீனலோசினியைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். வாதம் பண்ணும்போது அவள் புருவம் ஏறுகிற விதம், நல்லெண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்குகிற அவள் கறுப்பு, எல்லாம் அப்படியே வந்திருந்தன. பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று முன்பல்லை நீட்டிவிட்டது சுகிர்தா. உச்சிக்குக் குரல் கொடுப்பதும் மீனலோசினிதான்.

அனுப்பிய நாலு நிமிடச் சோதனைப் படத்தைப் பார்த்துவிட்டு ஆனந்தகுமாரின் சேனலிலிருந்து மூன்று பக்கத்துக்குக் குறிப்பு வந்தது. மயில் தேசியப் பறவை, அதைத் திருடனாகக் காட்ட வேண்டாம், கிளியாக மாற்றலாம் என்றார்கள். "ஏலே", "வே" எல்லாம் வேண்டாம் என்றார்கள். கடைசியாக, உச்சியின் நிறம் திரையில் எடுபடவில்லை, இரண்டு மூன்று படி வெளுப்பாக்குங்கள் என்றிருந்தது. சுகிர்தா பதில் எழுதினாள். மயிலைப் பற்றிப் பேசலாம். பேச்சைப் பற்றியும் பேசலாம். நிறத்தைத் தொட மாட்டோம்.

இப்போது அது தொடப்பட்டு எதிரே இருந்தது.

அவள் ஹரிசங்கரைப் பார்த்தாள். அவன் மவுஸின்மேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹரி, நீயா அனுப்புன?"

"அக்கா, கீழ போய்ப் பேசுவோம்."

"இங்கனயே சொல்லு."

"ஆமா. நாந்தான்."

காது இரண்டும் கொதித்தன சுகிர்தாவுக்கு. ஆனந்தகுமார் இடையில் புகுந்து சமாதானமாகப் பேசினார். "சின்ன மாற்றம்தான் மேடம். குழந்தைங்க பளிச்சுன்னு இருக்கிற முகத்தைத்தான் பார்ப்பாங்க. விளம்பரம் தர்றவங்களும் அதைத்தான் கேக்கிறாங்க."

"சார், இப்பதான கோயில்ல இருந்து வாரிய? வாசல்ல எத்தன புள்ளைங்களப் பாத்திய? அதுல எத்தன புள்ள இந்தக் கலர்ல இருந்துச்சு?"

"இது கார்ட்டூன் மேடம். நிஜம் மாதிரியே இருக்கணும்னு இல்லையே."

"கார்ட்டூன்ல மயிலு வாய்க்கு வாய் பேசுது. அது உங்களுக்கு உறுத்தல. கருத்த புள்ள கதைக்கு நடுவுல நின்னா மட்டும் உறுத்துது, என்ன?"

ஆனந்தகுமாருக்கு முகம் சுண்டியது. சுகிர்தா அவரை விட்டுவிட்டு ஹரிசங்கரிடம் திரும்பினாள். "அவரு வெளியூரு. அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்லா இது யாரு மூஞ்சின்னு? பெத்த புள்ள மூஞ்சிய நீயே அழிச்சிருக்கியே, உனக்குக் கை வந்துச்சாலே?"

ஹரிசங்கர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஐந்து வருடத்தில் ஒருநாளும் அவளை எதிர்த்துப் பேசாதவன்.

"பாத்துப் பேசுங்கக்கா. அவ எங்கிட்ட வந்து அழுதா. டிவியில வந்தா ஸ்கூல்ல எல்லாவளும் என்னக் கேலி பண்ணுவாளுவ, மாத்துப்பான்னு ஏங்கி ஏங்கி அழுதா. ஒங்களுக்கென்ன? ஒங்களுக்கு அது படம். எனக்கு மக."

மகளை வரையட்டுமா என்று அப்பனிடம் சுகிர்தா கேட்டிருந்தாள். மகளிடம் கேட்கவில்லை. அது அந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் கோபம் குறையவில்லை. எந்தப் பக்கம் பாய்வதென்று தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது.

"அப்பா."

மூன்று பேரும் திரும்பினார்கள். ஒலிப்பதிவு அறை வாசலில், தலையில் மாட்டிய ஹெட்போனோடு மீனலோசினி நின்றாள். பக்கத்துத் தெருத் தறிகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும் ஒரு மணி நேரம்தான் அவர்களுக்குச் சத்தமில்லாத நேரம். சனிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு வந்துவிடுவாள். வந்து உட்கார்ந்திருந்தவளை யாரும் நினைக்கவில்லை.

"நான் கலரச் சொல்லலப்பா. பல்லத்தான சொன்னேன்."

"என்னது?"

"பல்லு! எனக்கு எங்க இப்படி நீட்டிக்கிட்டு இருக்கு? பாருங்க." வாயை இழுத்துப் பல்லைக் காட்டினாள். மேஜைக்கு வந்து டேப்லெட்டை எட்டிப் பார்த்தவள் புருவத்தை ஏற்றினாள். "இதுலயும் அந்தப் பல்ல அப்படியேதான வச்சிருக்கிய? இதுக்கா நான் அழுதேன்?"

அவள் அழத் தொடங்கியதுமே அது நிறத்துக்கான அழுகைதான் என்று ஹரிசங்கருக்குள் ஒரு முடிவு வந்திருக்க வேண்டும். சின்ன வயதில் அவனைக் கூப்பிட்ட பெயர்கள் எல்லாம் எழுந்து வந்திருக்க வேண்டும். மிச்சத்தை அவன் கேட்கவே இல்லை.

"கலரு நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள் மீனலோசினி. அப்பாவைப் பார்த்தாள், சுகிர்தாவைப் பார்த்தாள், முன்பின் தெரியாத அந்த மனிதரையும் பார்த்தாள். ஒருவரும் பேசாததைக் கண்டு அவள் குரல் இறங்கியது. "அது நல்லா இல்லையா அத்தை?"

சுகிர்தா டேப்லெட்டை எடுத்து ஆனந்தகுமாரின் கையில் கொடுத்தாள். "அது நல்லாத்தான் இருந்துச்சு மக்கா. இவங்க கண்ணுலதான் கோளாறு." அப்புறம் அவரிடம் சொன்னாள். "இத அழிச்சிருங்க சார். பல்ல மாத்தி, பழைய நிறத்துலயே அனுப்புதோம்."

"மீட்டிங்ல ஓகே ஆனது இதுதான் மேடம். இது இல்லைன்னா ப்ராஜெக்ட்டே இல்லை."

"இல்லாமப் போவட்டும்."

அவர் படியிறங்கிப் போனார். பத்தாம் நாள் இரண்டு வரியில் மெயில் வந்தது. தொடரை எடுக்க இயலவில்லை, தங்கள் முயற்சிகளுக்கு வாழ்த்துகள். சுகிர்தா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "வாழ்த்துகளாம்" என்று மேஜையைக் காலால் உதைத்தாள். சண்டை நடந்த அன்று மத்தியானமே வீட்டுக்குப் போன ஹரிசங்கர் அதுவரை வரவே இல்லை. இனி வரமாட்டான் என்றே நினைத்தாள். வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மீனலோசினி தன்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். சுகிர்தா அவளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டாள்.

"உங்கிட்டக் கேக்காம உன்ன வரஞ்சிட்டேன். தப்புதான். இந்த மூஞ்சி வேண்டாம்னா சொல்லு. வேற வரையுதேன்."

மீனலோசினி விரலால் தன் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். "மூஞ்சி இருக்கட்டும். பல்லு நேரா இருக்கணும். சிரிக்கும்போது மட்டும் மேல ஈறு கொஞ்சம் தெரியலாம். எனக்குத் தெரியும்லா, அந்த மாதிரி." பிறகு, "அந்தக் கிளி வேண்டாம் அத்தை. கிளி மண்ணக் கிண்டிக் கடல எடுக்காது" என்றாள்.

மறுநாளே ஹரிசங்கர் வந்து உட்கார்ந்தான். பழைய கோப்பைத் திறந்தான். கையால் ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்த படம் அது. உச்சி வாய் திறக்கிற ஒவ்வொரு ஃப்ரேமிலும் பல்லை அழித்து வரைய வேண்டும். உச்சியோ வாயை மூடாதவள். ஏழு வாரம் பிடித்தது. சுகிர்தா அதில் ஒரு ஃப்ரேமைக்கூடத் தான் வரைய வாங்கிக்கொள்ளவில்லை. அழைப்பிதழ் வேலைகளை அவள் முடித்துக் கொடுத்தாள். அவனிடம் பேசாமல், தேவையென்றால் மட்டும் சீட்டில் எழுதி அவன் மேஜையில் வைத்தாள்.

இதற்குள் அவர்கள் எந்த சேனலையும் தேடாமல் முதல் அத்தியாயம் முழுவதையும் தாங்களே முடிப்பது என்று ஆகிவிட்டிருந்தது. அதைக் கலந்து பேசி முடிவு செய்யவும் இல்லை. சுகிர்தா ஐந்தாவது காட்சியின் படங்களை வரைந்து சுவரில் ஒட்டினாள். அவன் அதை எடுத்து அசைக்கத் தொடங்கினான்.

ஒருநாள் அவனே கேட்டான். "எத்தன நாளைக்குக்கா இப்படிப் பேசாம இருக்கப் போறிய?"

"கோவம் போவலை."

"நான் தப்புன்னு ஒத்துக்கிட்டேன்லா?"

"நீ ஒத்துக்கிட்ட. அந்தப் புள்ள அன்னைக்குக் கேட்ட கேள்விய யாரு திருப்பி எடுக்கது?" அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "எனக்கு எம்மேலயும் கோவம்தான். போறப்ப போவும். நீ அஞ்சாவது சீனப் போடு, பாப்போம்."

அவன் போட்டான். இருவரும் பார்த்தார்கள். மயிலின் கால் ஓரிடத்தில் வழுக்கியது. அதைச் சொல்ல அவள் அவன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.