இன்னும் பூக்காத படம்

1974ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழாவில் மரக்காணத்தில் அந்தி சாய்ந்தது. சாய்ந்த நிலையிலேயே இரண்டு நாள் நின்றது. கேமராவின் பொத்தானை அழுத்திய போட்டோ தேவநாதன் விரலை எடுக்கவில்லை. அவன் எடுக்காததால் மேடையில் நின்ற ஆண்டாள் பாட்டை நிறுத்தவில்லை. அவள் நிறுத்தாததால் பொழுது நகரவில்லை. இதில் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பதில் ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அந்தி நின்றதைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. அந்த இரண்டு நாளும் திண்டிவனத்திலிருந்து வந்த பஸ்கள் பெருமுக்கல் தாண்டும்வரை நல்ல வெயிலில் வந்து, மரக்காணத்து எல்லையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைந்தன. பெருமுக்கல் மலைமேல் சாமி கும்பிடப் போனவர்கள், கிழக்கே கடலோரம் ஒரு துண்டு அந்தி தனியாகக் கிடப்பதைப் பார்த்து, திருவிழாவுக்குச் செய்த ஏற்பாடு போலிருக்கிறது என்று இறங்கிப் போனார்கள்.

தேவநாதன் உப்பு வாரும் குடும்பத்துப் பிள்ளை. பாண்டிச்சேரியை விட்டுக் கப்பலேறிய ஒரு குடும்பத்திடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ போட்டிருந்தான். கல்யாணமும் காதுகுத்தும் வயிற்றுக்கு. மனசுக்கு என்றால் மெல்லிசைக் கச்சேரிதான். ஆனால் கச்சேரியில் பல்பு அடித்துப் படம் எடுக்க அவனுக்குத் தடை இருந்தது. ஆரம்பத்தில் ஒருமுறை அடித்தபோது ஆர்மோனியக்காரர் தங்கராசு மின்னல் என்று பயந்து ஆர்மோனியத்தோடு மேடையிலிருந்து விழுந்துவிட்டார். கீழே உட்கார்ந்திருந்த திருவிழாக் கமிட்டித் தலைவர்மேல் விழுந்ததால் விஷயம் பெரிதாகிவிட்டது. அதிலிருந்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலேயே எடுக்கவேண்டியதாயிற்று. வெளிச்சம் குறைந்தால் கேமராவின் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கவேண்டும். திறந்திருக்கும்போது அசைகிறவர்கள் எல்லாரும் புகையாகிப் போவார்கள். அந்தக் காலத்து மரக்காணம் கச்சேரிப் படங்களில் தவறாமல் தெளிவாக விழுந்தது மைக் ஸ்டாண்டு ஒன்றுதான்.

ஆண்டாள் உப்பள மேஸ்திரி பலராமனின் மகள். தங்கராசுவின் குழுவில் பாடினாள். தலையை ஆட்டாமல் அவளுக்குப் பாட வராது. மூன்று வருடப் படங்களில் அவளுடைய புடவைக் கரையும் கையில் பிடித்த பாட்டுப் புத்தகமும் இருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பனி இருந்தது. முதல் படத்தைப் பார்த்தபோது அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“மூஞ்சி எங்கங்க?”

“பாட்டோட போயிட்டுது.”

அவள் சிரித்தாள். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தலையை ஆட்டினாள். தங்கராசு இதைக் கவனித்தார். ஆனால் ஒருமுறை விழுந்தவர் என்பதால் எதிலும் அவசரப்படுவதில்லை.

இப்படி இருக்கையில் திண்டிவனத்திலிருந்து ஆண்டாளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பாட்டுப் பிரியர். ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்டூடியோவில் எல்லாரும் பல்வலிக்காரர் மாதிரிதான் இருப்பார்கள், பெண் பாடும்போது எடுத்த படம் ஒன்று முகம் தெரிய வேண்டும், அது வந்தால் அந்த மாதமே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார்கள். பலராமன் தேவநாதனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். மகளைக் கூப்பிட்டு ஒரு பாட்டுக்காவது ஆடாமல் நிற்கச் சொன்னார். தேவநாதனுக்கு ஆண்டாளைப் பிடிக்கும். மூன்று வருடமாகப் பிடிக்கும், சொல்லத்தான் வாய் வரவில்லை. படம் நன்றாக விழுந்தால் அவள் திண்டிவனம் போய்விடுவாள். விழாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை வைத்து எடுப்பார். தானே எடுத்துத் தானே அவளை அனுப்பி வைப்பதா என்று நினைத்து நினைத்துக் கேமராவையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனான்.

கச்சேரி தொடங்கும்போது கரண்டு போயிற்று. மேற்கே வானத்தில் மிச்சமிருந்த சிவப்பும், மேடையில் இரண்டு பெட்ரோமாக்ஸும் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ஆண்டாள் பாட்டுக்கு முன்னால் ஓர் ‘ஆ’ எடுத்தாள். எடுத்தவள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குப்படி ஆடாமல் அதே சுரத்தில் நின்றாள். தேவநாதன் பொத்தானை அழுத்தினான். அழுத்தியிருக்கும்வரை கேமரா கண் திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதற்கு மற்ற ஊர்ப் போட்டோக்காரர்கள் மனசுக்குள் எண்ணுவார்கள். தேவநாதன் எண்ணுகிறவன் இல்லை. பாத்தியில் உப்புப் பூக்கும்வரை பலகை வைத்துக் கலக்கக்கூடாது என்று பழகிய கை அது. வெளிச்சமும் உப்புத் தண்ணீர் மாதிரிதான், தேங்கித் தேங்கித் தானாகப் பூக்கவேண்டும் என்று காத்திருந்தான். அன்றைக்குப் பூப்பதாகக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் பெட்ரோமாக்ஸுக்கு எண்ணெய் ஊற்றினார்கள். பிறகு மறுபடியும் ஊற்றினார்கள். ஒரு சுரம் நடுவில் இருக்கும்போது எழுந்து போவது மரியாதையில்லை என்பதால் முன்வரிசைக்காரர்கள் உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே பல் விளக்கினார்கள். ஊர்க் கோழிகள் கூட்டு வாசலில் பாதி உடம்பை உள்ளேயும் பாதியை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றன. பக்கத்து அனுமந்தை மீன்காரர்களுக்கு மட்டும் கொண்டாட்டம். அந்தி மேய வரும் மீன் மேய்ந்துகொண்டே இருந்ததால் வலை கிழியப் பிடித்தார்கள், ஒரு வாரத்துக்கு இப்படியே ஓடட்டும் என்று கமிட்டிக்குச் சொல்லியனுப்பினார்கள். ஆண்டாள் எப்போது மூச்சு வாங்கினாள் என்பதைத் தங்கராசு கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அவள் அம்மா பாப்பாத்தி கஞ்சிச் சொம்போடு மேடையோரம் நின்று பார்த்துவிட்டு, ஆறிப்போனதைத் தானே குடித்தாள்.

கஷ்டம் உப்பளத்துக்குத்தான் வந்தது. சித்திரை வெயிலை நம்பித்தான் உப்பு. வெயிலே இல்லாமல் பாத்திகள் கறுத்துக் கிடந்தன. உப்பள முதலாளி சிவஞானம் இரண்டாம் நாள் கையில் டார்ச் லைட்டோடு வந்து, உம்ம பெண் பாட்டை நிறுத்துமா இல்லையா என்று பலராமனைப் பிடித்துக்கொண்டார். பலராமன் மகளிடம் சாடை காட்டினார். அவள் கேமராப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தேவநாதனிடம் போனார்.

“கைய எடுடா.”

“இன்னும் பூக்கலைங்க மேஸ்திரி.”

பூக்காத பாத்தியில் பலகை வைத்தவனை உப்பளத்தை விட்டே விரட்டியவர் பலராமன். அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசினால் நாளைக்கு எந்த ஆளை அதட்டுவது? அப்படி என்னதான் இன்னும் பூக்கவில்லை என்று பார்ப்பதற்காகக் குனிந்து, கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து மேடையைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தபோதுதான் மகளுடைய கண் கேமராவில் இல்லை, கேமராவுக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது என்பது தெரிந்தது. தலையை நிமிர்த்தி அந்த ஒரு சாண் மேலே யார் என்று பார்த்தார். தேவநாதன் அழுதுகொண்டிருந்தான், கை மட்டும் ஆடவில்லை. நாற்பது வருடம் தண்ணீரைப் பார்த்தே உப்புச் சொன்ன மனுஷன், தன் வீட்டில் மூன்று வருடமாகக் கட்டியிருந்ததைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பிடறேன், வேற இடம் பாத்துக்கச் சொல்லி. இப்ப பூத்துட்டுதா?”

“பூத்துட்டுதுங்க மாமா.”

தேவநாதன் விரலை எடுத்தான். ஆண்டாள் சுரத்தை இறக்கி வைத்து, தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள். நின்றிருந்த இரவு ஊர்மேல் பொத்தென்று விழுந்தது. கோழிகள் உள்ளே போயின. மறுநாள் பாக்கி நின்றிருந்த வெயிலெல்லாம் சேர்ந்து அடித்ததில் புளியங்கொட்டைப் பருமனுக்கு உப்பு விளைந்தது. சிவஞானம் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

படம் கழுவியபோது வெள்ளையாக இருந்தது. ஓரம் முதல் ஓரம்வரை சுத்த வெள்ளை, அம்பாரம் குவித்த உப்பு மாதிரி. ஆவணியில் கல்யாணம் முடிந்ததும் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் பார்த்து, ஆண்டாள் நன்றாக விழுந்திருக்கிறாள் என்றார்கள். பாப்பாத்திக்கு மட்டும் மூக்குத்தி சரியாகத் தெரியவில்லை என்று குறை. மழைக்கு முதல் நாள் அந்தப் படம் வேர்க்கும். வேர்க்கும்போது உள்ளேயிருந்து ஓர் ‘ஆ’ மெல்லக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் மேஸ்திரி உப்பு அம்பாரங்களுக்கு ஓலை போட ஆள் விடுவார். ரேடியோவை நம்பி ஏமாந்ததுண்டு, படம் ஏமாற்றியதில்லை.

1979 ஐப்பசியில் திண்டிவனத்து மாப்பிள்ளையே மனைவி குழந்தைகளோடு ஏதோ வேலையாக மரக்காணம் வந்தார். எனக்கு வரவேண்டிய படம் ஒன்று இங்கே இருக்கிறதாமே என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்து, கூடத்தில் உட்கார வைத்தார்கள். அவர் வெள்ளைப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. சமையற்கட்டிலிருந்து ஆண்டாள் வந்து, சட்டத்தின் கீழோரத்தில் சொட்டியதைப் புடவைத் தலைப்பால் துடைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“அப்பா கிட்ட சொல்லிடுங்க, ஓலை போடணும்” என்றாள்.

தேவநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனான். மறுநாள் காலையில் மழை பெய்தது.