சொல்லிக்காட்ட ஓர் ஈரல்

புனே பக்கத்துத் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் தங்கராஜுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்கா புருஷன் துரைசாமி. வாங்கிக் கொடுத்தவர் சும்மா இருந்தாரா? கல்யாணமோ கருமாதியோ, இலையில் சோறு விழுந்ததும் ஆரம்பித்துவிடுவார்: "நான் இல்லேன்னா இவன் இன்னிக்கு ஸ்டேஷன்ல வடாபாவ் வித்துக்கினு இருப்பான்!" தங்கராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைவான்.

அந்த மகராசன்தான் இப்போது புனே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். மஞ்சள் காமாலை வந்து ஒரே வாரத்தில் கல்லீரல் கைவிரித்துவிட்டது. யாராவது உடனே தன் ஈரலில் ஒரு பங்கு கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் ஆள் இல்லை. அக்காவின் ரத்த வகை சேரவில்லை, தங்கராஜுடையது சேர்ந்தது. ஆனால் பாருங்கள், மச்சான் என்பவன் சட்டத்துக்கு நெருங்கிய சொந்தம் இல்லையாம்! கமிட்டி விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கமிட்டி அம்மாள் இந்தியில் கேட்டார். "உங்களுக்கு ஏதாவது பிரஷர் இருக்கா?"

காலையில் நர்ஸ் தங்கராஜின் கையில் பட்டை கட்டிப் பார்த்தபோது கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொள்வானேன்?

"கொஞ்சம் இருக்கு மேடம். அக்கா பக்கத்துல வந்து அழுதா ஏறிடுது."

"அக்காவாலதானா?"

"எங்க குடும்பமே அப்படித்தான் மேடம். எங்கப்பாவுக்கும் இருந்துச்சு."

அம்மாள் பேனாவை மூடினார். "வற்புறுத்தி வாங்கற ஈரலுக்கு நாங்க அனுமதி தர மாட்டோம்."

அப்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது. "ஐயோ மேடம், நீங்க பி.பி.யைக் கேக்கறீங்கன்னு நினைச்சேன்! என்னை யாரும் வற்புறுத்தலை!"

"அப்போ எதுக்குக் கொடுக்கறீங்க? உங்களுக்கு என்ன லாபம்?"

"இருக்கு மேடம். ஒரு வேலை வாங்கிக் குடுத்ததை இத்தனை வருஷமா சொல்லிக்காட்றாரு. இனிமே நான் சொல்லிக்காட்டணும். அதுக்கு மாமா உசுரோட இருக்கணுமில்ல?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அம்மாள் பேனாவைத் திறந்தார்.

ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்கார விட்டதும், சக்கர நாற்காலியில் வைத்து அவனை மாமாவிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். துரைசாமி விழித்திருந்தார். கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தைத் தங்கராஜ் எடுத்தான். "நான் இல்லேன்னா..."

மேலே வரவில்லை. தையல் சுள்ளென்று இழுக்க, விக்கி விக்கி அழுதான்.

துரைசாமி கையை நீட்டி அவன் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு மச்சான். முழுசா சொல்லு."