வேகமாகப் போனால்தான் வெளிச்சம்

என் சைக்கிள் விளக்கு டைனமோவில் எரிவது. வேகமாக மிதித்தால் பட்டப்பகல், மெதுவாக மிதித்தால் மின்மினி. ஆகவே இருட்டில் பாதுகாப்பு என்பது வேகம்தான் என்று பத்து வருஷமாக ஒரு சித்தாந்தம் வைத்திருந்தேன். அச்சகத்தில் அடுத்தவர் பிழைகளைத் திருத்துகிறவனுக்குத் தன் பிழை எங்கே தெரியப்போகிறது?

அந்தச் சித்தாந்தத்தின் பின்சீட்டில்தான் தினமும் என் மனைவி வருவாள். தையல் ஆலையில் அவளுக்கு எட்டு மணிக்கு வேலை முடியும். வீட்டுக்குப் போனால் என் அம்மா பேசுவார், மச்சான் பேசுவான், டிவி பேசும். நாங்கள் இருவர் மட்டும் பேசிக்கொள்ள வாய்ப்பது அந்த வழி ஒன்றுதான். அதையும் நான் பன்னிரண்டு நிமிடத்தில் பறந்து முடித்துவிடுவேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை வளைவில் ஒரு பள்ளம். வெளிச்சத்தில் அதன் ஆழம், உள்ளே கிடந்த செங்கல் எல்லாம் அழகாகத் தெரிந்தன. நிறுத்தத்தான் முடியவில்லை. நான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன், அவள் என் சட்டையைப் பிடித்தாள். இரண்டு பட்டனோடு அவள் கீழே போனாள்.

“நாளையிலேருந்து நான் ஆலை வேன்ல வந்துக்கறேன்.”

“வேன்ல முப்பது பேரை அடைச்சு ஏத்துவாங்களேம்மா.”

சிராய்த்த முழங்கையை ஊதிக்கொண்டே சொன்னாள்: “முப்பது பேரும் தோலோட இறங்கறாங்க.”

மறுநாள் மதியமே சைக்கிள் கடையில் நின்றேன். கடைக்காரர் உள்ளங்கை அளவில் ஒரு பேட்டரி விளக்கை நீட்டினார்.

“இது நின்னாலும் எரியும் சார்.”

“நின்னாலுமா?”

பத்து வருஷச் சித்தாந்தம் அந்த நிமிடமே செத்தது. பின்னால் மாட்ட ஒரு சிவப்பு விளக்கும் வாங்கினேன்.

எட்டு மணிக்கு ஆலை வாசலில் அவள் ஒரு காலை வேன் படியில் வைத்துவிட்டாள். நான் விளக்கைப் போட்டுக் காட்டினேன்.

“விளக்கு நல்லாத்தான் இருக்கு. ஓட்டறது நீங்கதானே?”

“போயேன்டி, பாவம்!” என்றாள் வேனுக்குள்ளிருந்து அவள் சிநேகிதி. “விளக்கை விட அண்ணன் முழிதான் பெருசா எரியுது.”

டிரைவர் ஹாரன் அடித்தார். “ஏறறீங்களா, இல்லையாக்கா?”

அவள் என்னைப் பார்த்தாள். “வழி முழுக்க நான் பேசுவேன். நீங்க பதில் சொல்லணும். உங்களுக்கு மூச்சு வாங்குச்சுன்னா அங்கேயே இறங்கிடுவேன். சம்மதமா?”

“சம்மதம்.”

காலை இறக்கிக்கொண்டாள். வேன் போயிற்று.

ஆரம்பித்தாள். சூப்பர்வைசர், காலர் தைக்கும் மெஷின், என் அம்மா, என் அம்மாவுக்கு நான் சொல்லாத பதில்... பாதி வழியில் பழக்கதோஷத்தில் கால் வேகமெடுத்தது. ஒரு ‘ம்ம்’ இரண்டு துண்டாக வந்தது.

“என்னது?”

“ஒண்ணுமில்லம்மா, சொல்லு” என்று காலைத் தளர்த்தினேன். துரத்த வந்த நாய் ஒன்று கொஞ்ச தூரம் எங்களோடு நடந்துவிட்டு, அதை மரியாதைக் குறைவாக உணர்ந்து திரும்பிப் போயிற்று.

எங்கள் தெருமுனை வந்தது. தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பப் போனேன். அவள் முதுகில் தட்டினாள்.

“நேரா போங்க. இன்னும் உங்க அம்மா கதையே முடியலை.”