நீலக்கோடு இல்லாத அட்டை

1.

பொம்மிடி ரயில் நிலையத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் அட்டைகள் காற்றில் பறந்தபோது பிறந்தது இந்தக் கதை. பறக்கவிட்டவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் வாசகர் கொஞ்சம் இரக்கத்தோடு படிப்பார் என்று ஒரு நப்பாசை.

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். "1974 கோடையில் தருமபுரி மாவட்டமே வறண்டு..." இது தாலுகா ஆபீஸ் அறிக்கை. "கம்ப்யூட்டர் என்பது யாதெனில்..." இது பரீட்சைத் தாள். "ராஜமேரியின் கண்கள்..." இதை அடித்துவிட்டேன். அந்தக் கண்களை நிமிர்ந்து பார்க்கிற யோக்கியதை எனக்கு அன்றைக்கு இல்லை.

ஐந்து வருடமாக டீக்கடையில் வாயால் சொல்லி வருகிறேன் இதை. வாயில் ஜோராக ஓடுகிற கதை காகிதத்தில் ஓடமாட்டேன் என்கிறது. முக்கியமாக, "நான்" என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரியிலேயே நான் கெட்டிக்காரனாகிவிடுகிறேன். ஆகையால் இங்கிருந்து எனக்கு நஞ்சப்பன் என்ற பெயரே போதும். நஞ்சப்பனைத் திட்ட எனக்குக் கை கூசாது.

2.

நஞ்சப்பன் இண்டூர்க்காரன். சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை. (அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மேனேஜர் இன்னும் உயிரோடு இருக்கிறார், நன்றாகப் படிக்கவும் தெரியும்.) அங்கே ஓர் அறையை அடைத்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. துளைபோட்ட அட்டைகளில் கட்டளை எழுதி ஊட்டினால் வரிசையாகத் தின்னும். "நில்" என்று ஓர் அட்டை வந்தால் நின்றுவிடும். விளக்கைப் போட்டுக்கொண்டு, மனிதர் யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை சாதுவாகக் காத்திருக்கும்.

அதைத் தூக்கிவிட்டுப் புதிய கம்ப்யூட்டர் கொண்டுவந்தார்கள். இதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மேஸ்திரி ஒருவர் சதா உட்கார்ந்திருக்கிறார்.* எல்லா வேலைகளையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக உள்ளே விடுவார். எந்த வேலையாவது நடுவில் நின்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைக் கூப்பிடுவார். பழைய புரோகிராம்களை இந்த மேஸ்திரியின் குணத்துக்குத் தக்கபடி மாற்றியமைப்பதுதான் நஞ்சப்பனுக்குக் கொடுத்த வேலை.

(* ஆபீசில் இவரை 'சூப்பர்வைசர்' என்பார்கள். உண்மையில் இவரும் ஒரு புரோகிராம்தான். ஆனால் எங்கள் மேனேஜரைவிட ஒழுங்காக வேலைக்கு வருவார்.)

மாற்றவேண்டிய புரோகிராம்களில் ஒன்று கிணறுகளைப் பற்றியது. தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கணக்கெடுத்து, ஆழம் அதிகமான நூறு ஊர்களைப் பட்டியலிடும். அந்த நூறு ஊர்களுக்குத்தான் கிணற்றை ஆழப்படுத்த வெடிமருந்தோடு ஆட்கள் போவார்கள். பட்டியலில் இல்லாத ஊர் அடுத்த வருடம்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த புரோகிராமை எழுதியவள் ராஜமேரி. பொம்மிடிக்குப் பக்கத்துக் கிராமம். அதை ஓட்டவும் அவள்தான் உட்காருவாள், வேறு யாரையும் தொடவிடமாட்டாள். போன வருடம் திடீரென்று வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

நஞ்சப்பன் அவளுடைய அட்டைகளைப் படித்துப் பார்த்தான். பதினோரு இடத்தில் "நில்" இருந்தது. காகிதம் தீர்ந்தால் நில், அட்டை சிக்கினால் நில் என்கிற வகை. மேஸ்திரிக்கு நிற்பது பிடிக்காதே, பதினொன்றையும் "போ" என்று மாற்றினான். சோதனைக்குப் போன வருடத்துக் கணக்கெடுப்பையே ஊட்டினான். புதிய கம்ப்யூட்டர் ஓர் இடத்தில்கூட நிற்காமல் பட்டியலைக் கக்கியது. நஞ்சப்பன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பிறகு போன வருடத்துப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதில் இண்டூரை ஒட்டிய வத்தல்மலையின் ஊர்கள் ஒன்பது இருந்தன. இதில் ஒன்றுகூட இல்லை.

பழைய கம்ப்யூட்டரை அதற்குள் கழற்றி லாரியில் ஏற்றியாகிவிட்டது. திங்கட்கிழமை இந்த வருடத்துப் பட்டியல் மேலிடத்துக்குப் போயாகவேண்டும். "எழுதுன பொண்ணையே போய்க் கேளுய்யா" என்றார் மேனேஜர். வெள்ளிக்கிழமை காலையில் நஞ்சப்பன் தன் "போ" அட்டைகளை உருவிவிட்டு, அவளுடைய "நில்" அட்டைகளையே பழைய இடத்தில் சொருகி, அந்தப் பெட்டியோடு ரயிலேறினான். பிரதி? ஒன்றே ஒன்றுதான். கெட்டிக்காரன் பிரதி வைத்துக்கொள்வானா?

3.

பொம்மிடியில் ரயில் நிற்பதற்குள் நஞ்சப்பன் குதித்தான். (ஏன் குதித்தான் என்று யோசித்துப் பார்த்தேன். வாகாக ஒரு காரணமும் அகப்படவில்லை. பட்டணத்து வேலைக்காரன் ஊர்ப்பக்கம் வந்தால் நடைமேடையில் யாராவது பார்ப்பார்கள் என்று...) பெட்டியின் கயிறு அறுந்தது. அடுத்த தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி சரியாக அந்த நேரம் பார்த்துப் பறந்தது. அதன் காற்றில் ராஜமேரியின் புரோகிராம் ஜோலார்பேட்டைப் பக்கம் பாதி, சேலம் பக்கம் பாதி என்று கிளம்பிவிட்டது.

போர்ட்டர் மாது ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்தார். நடைமேடையில் கடலை விற்ற சின்னம்மாள் ஓர் அட்டையை மடித்துப் பொட்டலமே கட்டிவிட்டிருந்தாள். "பயணி ஒருத்தரு கையில போயிருச்சு சாமி, இரு வாங்கியாறேன்" என்று ஜன்னல் ஜன்னலாகத் தேடி மீட்டுக்கொண்டு வந்தாள். அந்த அட்டையில் இன்றைக்கும் உப்பு வாசனை.

"என்னாங்க இது, பூச்சி அரிச்சாப்ல ஓட்டை ஓட்டையா?" என்றார் மாது.

"கிணத்துக் கணக்குங்க. எந்தெந்த ஊருக் கிணத்த ஆழப்படுத்தணும்னு இதுதான் சொல்லும்."

"அப்படிங்களா! எங்கூரும் இதுல கீதுங்களா? வத்தல்மலைங்க. தண்ணி ஏழு ஆளு கீழ போயிடுச்சு. பொம்பளைங்க கயித்தோட கயித்த முடிபோட்டு எறைக்கறாங்க."

"இருக்குங்க" என்றான் நஞ்சப்பன்.

மாது அதற்குமேல் கூலியே வாங்கவில்லை. எவ்வளவு நீட்டியும் வாங்கவில்லை. "எங்கூருக்கு வேல செய்யற ஆளுகிட்ட கை நீட்டுவனா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீக்கடையில் சொல்லும்போது பறந்த அட்டைகள்தான் வேடிக்கை, எல்லோரும் சிரிப்பார்கள். மாதுவை நான் சொன்னதே இல்லை.

4.

ராஜமேரி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சவரிராயன் சுவரோரமாகக் கயிற்றுக் கட்டிலில். கட்டிலுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவரில் நீலப் பென்சிலால் நாலு சின்னக் கோடுகள், ஓர் ஆள் தலைமட்டத்துக்கு. பிள்ளைகள் வளர்த்தி பார்த்த கோடு போலிருக்கிறது என்று நினைத்தான் நஞ்சப்பன். (அந்த வீட்டில் பிள்ளைகளே இல்லை. அதுகூட அவன் மண்டைக்கு எட்டவில்லை.)

ராஜமேரி பெட்டியைத் திறந்து பார்த்தாள். "கீழ போட்டுட்டீங்களா சார்?"

"கூட்ஸ் வண்டிக் காத்துங்க..."

"காத்துக்கும் நம்ம மேல என்ன கோவமோ." கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "பயப்படாதீங்க. ஓரத்தப் பாருங்க."

அட்டைகளை அடுக்கி வைத்து, அடுக்கின் மேல்பக்கம் குறுக்கே சாய்வாக ஒரே நீலக்கோடு இழுத்து வைத்திருந்தாள் அந்தக் காலத்திலேயே. ஒவ்வோர் அட்டையிலும் அந்தக் கோட்டின் ஒரு புள்ளி, முந்தினதுக்கு ஒரு மயிரிழை தள்ளி. அப்பாவை எழுப்பிவிட்டுக் கட்டில்மேல் அட்டைகளைப் பரப்பினாள். ஒரு மணி நேரத்தில் புள்ளிகள் சேர்ந்து மறுபடி கோடாகிவிட்டன.

ஓர் அட்டை மட்டும் மிச்சம். அதில் புள்ளி இல்லை. நஞ்சப்பன் எடுத்துப் படித்தான். "நில்."

"இது கோடு போட்டதுக்கு அப்புறம் சொருகுனதுங்களா?"

"மோர் குடிங்க சார்." டம்ளரை நீட்டிவிட்டு மறுபடி புளி தட்ட உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு நிக்கச் சொல்லுது இது?"

"என்னா வெயிலு பாருங்க, உங்க மூஞ்சியே செவந்து போச்சு."

சவரிராயன் சிரித்தார். "தம்பி, எங்க பாப்பாகிட்ட நேரா பதிலு வாங்கினவன் இன்னும் பொறக்கல. ஏன்டி வேலைய உட்டுட்டு வந்தன்னு ஒரு வருசமா கேக்கறன். மெட்ராஸ்ல வெயிலு ஜாஸ்திங்கறா. இங்க என்னா, ஊட்டியா?"

நஞ்சப்பன் மோரைக் கீழே வைத்தான். சாமர்த்தியமாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. இனி இருப்பதைச் சொல்லவேண்டியதுதான்.

"ஸ்டேஷன்ல மாதுன்னு ஒரு போர்ட்டர். வத்தல்மலைக்காரர். எங்கூரு இருக்குதான்னு கேட்டாருங்க. இருக்குன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப வர்ற லிஸ்ட்ல ஒரு மலை ஊருகூட இல்ல, ராஜமேரி."

புளி தட்டிய கட்டை நின்றது.

"மலை ஊரு வந்தா அந்த அட்டை மெஷினை நிறுத்தும்" என்றாள். "நான் முன்னாடி இருக்கற குமிழத் திருகி நம்பர மாத்திட்டு, பொத்தான அழுத்துவேன். மறுபடி ஓடும்."

"எதுக்கு மாத்தணும்?"

"கணக்கெடுக்கப் போனவங்க, அங்க சொன்ன நம்பர அப்படியே எழுதிட்டு வந்துட்டாங்க. மலைல யாரு சார் அடியில அளக்கறாங்க? ஏழு ஆளு, எட்டு ஆளும்பாங்க. அட்டையில வெறும் ஏழு. மெஷினுக்கு அது ஏழு அடி. ஏழு அடியில தண்ணி இருக்கற ஊர எது லிஸ்ட்ல சேர்க்கும்?"

"இத புரோகிராம்லயே எழுதியிருக்கலாமே. கையால எதுக்கு, யாருக்கும் தெரியாம?"

"எழுதறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேனே. நீங்ககூட ஒண்ணு கேட்டீங்க."

"நான் என்ன கேட்டேன்?"

ராஜமேரி புளிக்குத் திரும்பிவிட்டாள்.

5.

டீக்கடையில் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்தி ஒரு மடக்கு டீ குடிப்பேன். கிளாஸைக் கீழே வைத்ததும் நேராகச் சென்னைக்குப் போய்விடுவேன். கேட்கிறவர்கள் தாவியதைக் கவனிப்பதில்லை. காகிதத்தில் டீ குடிக்க முடியவில்லை. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கதை இங்கேதான் நின்றது. ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

1971. ஆபீசில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். ராஜமேரி எழுந்து, மலை ஊர்களில் ஆள் கணக்கு, அதை அடியாக மாற்ற வேண்டும் என்றாள். நஞ்சப்பன் (சரி, நான்) கேட்டேன்: "எந்த ஆளுங்க ராஜமேரி? என்னை மாதிரி ஆளா, நம்ம மேனேஜர் மாதிரி ஆளா?"

மேனேஜர் குள்ளம். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ராஜமேரி உட்கார்ந்துவிட்டாள். ஆள் கணக்கை யாரும் மறுபடி பேசவில்லை. நான் அந்த மலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவன். எனக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. சிரிப்பு வந்தது, சொன்னேன். அவ்வளவுதான்.

(இதனால்தான் வேலையை விட்டாளா? கேட்கவில்லை. இந்த வாக்கியத்தை இதற்குமேல் எழுதவும்...)

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. நஞ்சப்பனே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துவிடுகிறான். டீக்கடை முடிவு இதுதான். நல்ல கைதட்டல்.

ஆ. நஞ்சப்பனும் ராஜமேரியும்... வேண்டாம். நஞ்சப்பனுக்கு அப்போதே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கையெழுத்துப் பிரதியை முதலில் படிக்கப்போவதும் என் மனைவிதான்.

இ. மாதுவின் ஊரில் வெடி வைக்கிறார்கள், பாறை பிளக்கிறது, தண்ணீர் குபுகுபுவென்று... எழுத ஆசைதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவது ஒன்று, பாறைக்கடியில் தண்ணீர் இருப்பது இன்னொன்று. முன்னதுக்குத்தான் நான் பொறுப்பு. பின்னதை நீங்கள் உங்கள் மனசுக்குப் பிடித்தபடி முடித்துக்கொள்ளுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன்.

என்னிடம் நிஜமாக இருப்பது இன்னும் சில வரிகள்தான்.

6.

நஞ்சப்பனுக்கு நினைவு வந்துவிட்டது என்பதை ராஜமேரி அவன் முகத்திலேயே பார்த்துவிட்டாள்.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க."

"அப்ப அதையே இன்னொரு தடவ கேளுங்க. சிரிக்காம."

சவரிராயனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் ஏதோ பெரிய காரியம் என்று தெரிந்து, தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நஞ்சப்பன் எழுந்து நின்றான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில்கூட ஒரு கேள்வி கேட்க அவன் இப்படி நின்றதில்லை.

"எந்த ஆளுங்க, ராஜமேரி?"

ராஜமேரி எழுந்தாள். கட்டிலைத் தாண்டிப் போய், சுண்ணாம்புச் சுவரில் இருந்த நாலு நீலக்கோடுகளின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நீங்க கேட்ட வருசம் நான் லீவுல வந்தப்ப, எங்க கெணத்துல தூர் வார மலைலேருந்து நாலு பேரு வந்தாங்க. அவங்கள இங்க நிக்க வெச்சு அளந்தேன். அஞ்சே கால் அடிங்க, சார்."