சந்திரகாந்தி வந்த கப்பல்

சந்திரகாந்தி ஜெர்மனிக்கு வந்தது, 1944-ல் காணாமற்போன ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில். 1985-ல் பருத்தித்துறைக்கு அப்பால் அவர் வந்த வள்ளம் கவிழ்ந்தபோது அந்தக் கப்பலின் மாலுமிகள்தான் அவரைத் தூக்கினார்கள். ஒருவருக்கும் வயது ஏறியிருக்கவில்லை. கரை சேர எழுபது நாள். அதற்குள் அவர் ஜெர்மன் பழகிவிட்டார். வடகடல் கரையில் இறக்கிவிடும்போது கப்டன் ஒன்றே ஒன்று கேட்டார்: சண்டை முடிந்துவிட்டதா? இவருக்குத் தெரிந்த சண்டை ஒன்றுதான், ஊரில் நடப்பது. இல்லை என்றார். கப்பல் திரும்பவும் தண்ணீருக்குள் போனது. அகதி விசாரணையில் இதை அப்படியே சொல்ல வெளிக்கிட்டவரை மொழிபெயர்ப்பாளர் மகேந்திரராஜா மறித்தார். "விசரே அக்கா? கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்டில பிளேனால இறங்கினனான் எண்டு சொல்லுங்கோ. எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை." பொய் நம்பப்பட்டது. பிறகு ஹம் நகரில் முதியோர் இல்ல வேலை, மகள் மிதுசா, கடைசியில் ஜெர்மன் பாஸ்போர்ட்.

போன வருசம் கடலில் காற்றாலைக்குக் கேபிள் புதைக்கப் போனவர்கள் அந்தக் கப்பலைக் கண்டு துறைமுகத்துக்கு இழுத்துவந்தார்கள். மூடி உள்ளேயிருந்து பூட்டியிருந்தது. போர் முடிந்து எண்பது வருசம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் பார்த்தார்கள். எதிரியின் தந்திரம் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நாங்கள் கரையில் இறக்கிவிட்ட பெண் வந்து சொன்னால் திறப்போம் என்று பெயரையும் ஊரையும் கத்தினார்கள். அவர் வாயால் வந்திருந்தால் ஒருத்தரும் நம்பியிராத கதையை, ஜெர்மன் குரல் சொன்னதும் அதிகாரிகள் மூன்று நாளில் நம்பினார்கள். மஞ்சள் உறையில் அரசாங்கக் கடிதம் வந்தது. பொய் சொல்லி எடுத்த பாஸ்போர்ட்டைப் பறிக்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டுதான் சந்திரகாந்தி மகளோடு போனார். துறைமுகத்தில் அதிகாரி ஒளிக்காமல் சொன்னார்: சண்டை முடிந்தது என்று சொல்லுங்கள், பழைய கோப்பைத் தொடமாட்டோம்.

"ஒரு சொல்லுத்தானே அம்மா, சொல்லுங்கோவன்," என்றாள் மிதுசா.

"ஆமியிட்டச் சரணடைஞ்ச என்ர தம்பி எங்கையெண்டு இன்னும் தெரியாது. என்னெண்டடி முடிஞ்சுது எண்டுறது?"

இரும்பில் கையை வைத்து, கப்பலுக்குள் கற்ற அதே ஜெர்மனில் சொன்னார்: "தம்பிமார், உங்கட சண்டை முடிஞ்சுது. என்ர முடியேல்லை. அண்டைக்கு ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சுப்போட்டன். வெளியில வாங்கோ."

அதிகாரிக்கு முகம் கறுத்தது. பிறகு மூடி திறந்தது. திறந்துவிட்டதால் அதிகாரியாலும் வாக்கு மாற ஏலவில்லை. நாற்பது பேர் வந்தார்கள். அவர்கள் மூழ்கடித்த கப்பல்களைப் பற்றி விசாரிக்கப் பொலிஸ் வரிசையாக நின்றது. நாலு பேர் மட்டும் வரவில்லை. அந்த அம்மாவின் சண்டை முடியவில்லையாமே, யாராவது காவலுக்கு இருக்கவேண்டாமா என்று கேட்டார்கள். துறைமுகம் அவர்களுக்குக் கரண்டும் போனும் இழுத்துக் கொடுத்திருக்கிறது. மாதத்தில் ஒருக்கால் கப்பலிலிருந்து அழைப்பு வரும். இன்னும் இல்லை என்பார் சந்திரகாந்தி. சரி என்று வைத்துவிடுவார்கள்.