வீபேயின் அமைதியான இடங்கள்

கடிதம் புதன்கிழமை வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் எழுதியாக வேண்டும். நடுவில் இருந்த நாட்களில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காபி போடுவேன், குடிக்க மறந்துவிடுவேன். ஜன்னலைத் துடைப்பேன், துடைத்த ஜன்னலையே மறுபடியும் துடைப்பேன். வெளியே நின்ற இரண்டு சுற்றுலாப் பயணிகள் நான் துடைப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் குடியிருக்கும் இடம் அப்படி. ஆம்ஸ்டர்டாமின் யோர்டான் பகுதியில் ஒரு பச்சைக் கதவு. அதைத் தள்ளி இருட்டு நடையைக் கடந்தால் ஒரு முற்றம். நடுவில் பேரிக்காய் மரம், அதன் கீழ் ஒரு பெஞ்சு, சுற்றிப் பதினோரு குட்டி வீடுகள். தனியாக வாழும் பெண்களுக்கு மட்டும் என்று முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பணக்கார விதவை உயில் எழுதிவைத்துப் போனாள். ஊரின் அமைதியான இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் எங்கள் முற்றம் அதில் வந்துவிடும். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை யார் வேண்டுமானாலும் வரலாம். நடையில் 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு நுனிக்காலில் நடந்து, நேரே என் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் பகலில் திரைச்சீலையை இழுத்து மூடமாட்டோம். மூடினால் உள்ளே என்னவோ நடக்கிறது என்று பேச்சு வந்துவிடும். அதனால் நான் உருளைக்கிழங்கை மசித்துச் சாப்பிடுவதை உலகத்தில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள்.

பலகைக்குப் பயந்து பதினோரு வருஷமாக நானும் அங்கே கிசுகிசுவென்றுதான் பேசுகிறேன். என் இயல்பான குரல் அதுவல்ல. முப்பது வருஷம் சந்தையில் நின்று ஹெர்ரிங் மீன் கூவி விற்ற தொண்டை இது.

முற்றத்தை நிர்வகிக்கும் குழு எழுதியிருந்தது இதுதான்: செப்டம்பரில் நான்கு இரவுகள் நடையில் ஓர் ஆணின் சைக்கிள் நின்றிருக்கிறது. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் குறித்தும் புகார் வந்திருக்கிறது. நீங்கள் தனியாகத்தான் வாழ்கிறீர்களா, இனியும் அப்படியே வாழ்வீர்களா என்று எழுத்தில் தெரிவிக்கவும். இல்லையென்றால் மாதக் கடைசியில் வீட்டை ஒப்படைக்கவும்.

எனக்கு அறுபத்தேழு வயது. இந்த வீட்டுக்கு ஒன்பது வருஷக் காத்திருப்புப் பட்டியல் உண்டு. இன்று விட்டுப் போனால், மறுபடி கேட்டு வாங்கும்போது எழுபத்தாறு ஆகியிருக்கும்.

பக்கத்து வீட்டு த்ரூடி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"சைக்கிளை எண்ணினது நீதானே?"

"நான் எதுக்கு எண்ணணும்? போக வரக் கண்ணுல படுது, தானா எண்ணிக்கிச்சு."

"டிவி?"

"அது நான்தான், யோபி. மறைக்கலை. உன் ஆளு வந்தா அந்தச் செய்தி வாசிக்கிறவன் சுவரைத் தாண்டி நேரா என் கட்டில்ல வந்து படுத்துக்கறான்."

"சந்தோஷப்படு. உனக்கும் ஒருத்தன் கெடைச்சான்ல."

த்ரூடி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவன் உன்னைக் கூப்பிட்டானா? வந்து என்கூட இருன்னு வாயைத் தொறந்து சொன்னானா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை. அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

வீபேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் ட்ராம் ஓட்டியவன். எழுபது வயது, மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் நதிக்கு அக்கரை போகும் படகில் என் தொப்பி காற்றில் பறந்தபோது எட்டிப் பிடித்துக் கொடுத்தான். அப்போதிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை ஏதாவது ஓர் அமைதியான இடத்துக்குக் கூட்டிப் போகிறான். ஊரில் எந்த மூலையில் சத்தம் இல்லை என்று அவனுக்கு அத்துப்படி. பேசுகிறது கொஞ்சம். எப்போதும் என்னைத் தன் வலப்பக்கம் நிறுத்திக்கொள்வான். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் ஒரு கையைக் காதுப் பக்கம் தூக்கி, கண்ணை என் முகத்தில் வைத்தபடி அசையாமல் இருப்பான். 'கேள், எவ்வளவு அமைதி' என்கிறான் போலும் என்று நான் வாயை மூடிக்கொள்வேன். வேறு நாட்களில் என் முற்றத்துக்கு வந்து பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்த ஊரிலேயே சத்தமில்லாத பெஞ்சு என் வாசலில் இருக்கிறது. அவன் சுற்றி வருவது என்னையா, அந்தப் பெஞ்சையா? வீட்டை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு அவன் முன்னால் போய் நின்றால், அவன் முகம் எப்படிப் போகும்?

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். இன்றைக்குக் கேட்டே தீருவது.

முதலில் தாவரத் தோட்டத்தின் பனைமரக் கண்ணாடிக் கூடத்துக்குப் போனோம். உள்ளே கதகதப்பு, இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. "வீபே, ஒரு விஷயம்..." என்றேன். கையைக் காதுப் பக்கம் தூக்கினான். சுற்றிலும் பார்த்தேன்; ஒரு பெண் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.

அடுத்து கிழக்குக் கல்லறைத் தோட்டம். பீச் மரங்கள் சிவந்து நின்றன. இறந்தவர்கள் நடுவில் வீடு விஷயம் பேசுவது சரியாகப் படவில்லை, ஆனாலும் ஆரம்பித்தேன். மறுபடியும் கை. ஒரு குருவி கத்தியது. எனக்கு அந்தக் குருவியின் கழுத்தைத் திருக வேண்டும் போல இருந்தது.

"இங்க நல்லா இருக்குல்ல?" என்றான்.

"நல்லா இருக்கு. இங்கயே படுத்துக்கலாம் போல இருக்கு, நிரந்தரமா."

புன்னகை செய்தான். கோபப்படவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. அந்தப் புன்னகைதான் என்னைக் கொன்றது.

மூன்றாவதாக, மரத் தூக்குப் பாலங்கள் உள்ள அந்தச் சின்னத் தீவுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. "உன் வீடு பக்கம்தானே, போலாம் வா" என்று அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவனுக்கு இஷ்டமில்லை. அவன் வீட்டுக்கு நான் அதற்கு முன் இரண்டே தடவைதான் போயிருக்கிறேன். "அங்க வேண்டாம், சத்தம். அங்க பேச முடியாது" என்பான் எப்போதும். வெளியில் போய் மட்டும் என்ன பேசிக் கிழித்தோம் என்று எனக்குள் ஆத்திரமாக வரும்.

மூன்றாம் மாடி. கீழே ட்ராம்கள் திரும்பும் வளைவு. ஒவ்வொன்று திரும்பும்போதும் இரும்பு அழுகிற சத்தத்தில் அலமாரிக் கோப்பைகள் ஆடும். வீபே காபி போட்டான். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுத்துவைத்து, எங்கள் ஊர் வழக்கப்படி உடனே மூடினான். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வரும் போல இருந்தது, அது அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று பார்த்தேன்.

எதிர்ச் சுவரில் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. எங்கள் ஊரில் எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் அது உண்டு. கிழமை இருக்காது, தேதிகளும் பெயர்களும்தான். ஒரே காலண்டர் ஆயுசுக்கும் ஓடும். ஒரு வீட்டில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தால் போதும். முதல் இரண்டு தடவை எனக்கு அதைப் புரட்டும் தைரியம் வரவில்லை. இப்போது நவம்பருக்குத் திருப்பினேன். ஒன்பதாம் தேதி, என் பிறந்தநாள். பேனாவில், அழுத்தமான பெரிய எழுத்தில், 'யோபி'. பக்கத்தில் பொடி எழுத்தில்: 'அதற்குள் காது டாக்டரிடம் போக வேண்டும்.'

இரண்டு தடவை படித்தேன்.

"வீபே! காது டாக்டரா? காதுக்கு என்ன?" என்று உள்ளிருந்தே கேட்டேன். பதில் இல்லை. "வீபே!" இல்லை. சந்தைக் குரலை எடுத்தேன். "யோவ் வீபே! உன்னைத்தான்!"

பதில் கீழே இருந்து, குழாய் வழியாக வந்தது. கீழ்வீட்டில் இருக்கும் சூரினாம் நாட்டுக்காரி மார்லீன், ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஆன்ட்டி! தொண்டை கிழியக் கத்தாதீங்க! அங்கிளுக்கு ஒண்ணும் கேக்காது! அவர் கதவைத் தட்டித் தட்டி என் கைதான் வீங்கிப்போச்சு!"

வெளியே வந்தேன். வீபே ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தான். அவன் இடப்பக்கம், ஒரு முழ தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வலப்பக்கம் போய்த் தோளைத் தொட்டேன்.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"எத்தனை நாளா காது கேக்கலை?"

அவன் முகம் சிவந்தது. காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இடது, அஞ்சு வருஷம். வலதுல பாதி இருக்கு. அந்த மணி, அந்த வளைவு, அந்த பிரேக்கு. முப்பத்தெட்டு வருஷம்."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"தொப்பி பிடிச்ச அன்னிக்கே, அம்மா நான் செவிடன்னு சொல்லணுமா? நீ அடுத்த படகுல ஓடியிருப்பே."

"நான் என்னவோ உனக்கு அமைதின்னா உசுருன்னு நெனைச்சேன்!"

"அமைதியா? எனக்கா?" முதல் தடவையாக உரக்கச் சிரித்தான். "உள்ளுக்குள்ள வேண்டிய மட்டும் இருக்கு. சுத்தி சத்தம் இருந்தா உன் பேச்சு எனக்குத் தனியாப் பிரிஞ்சு வராது, யோபி. ஒண்ணுமே கேக்காத இடத்துலதான் உன் குரல் எனக்குக் கேக்கும். அதுக்குத்தான் ஊர் பூரா தேடறேன்."

"அப்ப கையைத் தூக்குவியே?"

"இந்தக் காதுல பேசுன்னு. நீ உடனே வாயை மூடிக்குவே. சரி, இவளுக்கு நம்மகிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்லை போலன்னு நெனைச்சுக்குவேன்."

ஒரு வருஷம். ஐம்பது ஞாயிற்றுக்கிழமை. அவன் என் குரலைக் கேட்பதற்காகத் தேடிப் பிடித்த இடங்களில் எல்லாம் நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

"அப்ப என் முற்றம்? அந்தப் பெஞ்சு?"

"அதுதான் எல்லாத்தையும் விட மோசம்" என்றான் வீபே. "அங்க நீ எலி மாதிரி பேசறே. ஒரு எழுத்து விளங்காது. உன் வாய் அசையறதைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். நீட்டினால் படித்திருப்பான்தான். ஆனால் காகிதத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. இதை நான் சொல்லி அவன் கேட்க வேண்டும். "வீபே, எனக்கு ஒரு லெட்டர்..." என்று ஆரம்பித்தேன். கீழே ஒரு ட்ராம் திரும்பியது. இரும்பு அழுதது, கோப்பைகள் ஆடின. அவன் கை காதுப் பக்கம் போயிற்று. அது முடிவதற்குள் இன்னொன்று வந்தது.

"எழுந்திரு. கோட்டை மாட்டு" என்றேன்.

"மழை பெய்யுதே, எங்க?"

"சத்தமில்லாத இடத்துக்கு!"

பச்சைக் கதவைத் தள்ளும்போது மணி நாலரை. மழை விட்டிருந்தது. முற்றத்தில் ஏழெட்டுப் பயணிகள் பலகைக்கு மரியாதை கொடுத்து நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தார்கள். ஈரப் பெஞ்சில் வீபேயை உட்காரவைத்து, அவன் வலப்பக்கம் உட்கார்ந்தேன். இதைச் செய்துவிட்டால் பிறகு இந்த வீட்டில் எனக்கு இடம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவன் மாட்டேன் என்றாலும் இல்லைதான்.

கடிதத்தைப் பிரித்தேன். காலை ஆறு மணிக்கு ஹெர்ரிங் வந்து இறங்கும்போது எந்தக் குரலை எடுப்பேனோ, அதே குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். பேரிக்காய் மரத்திலிருந்து புறாக்கள் கிளம்பிப் பறந்தன. ஒவ்வொன்றாகப் பத்து ஜன்னல்களும் திறந்தன. ஒரு பயணி நடுங்கிப்போய்ப் பலகையைச் சுட்டிக் காட்டினார்.

"நான் இந்த வீட்டை விடறேன், வீபே! அந்த ட்ராம் வளைவுக்கு மேல, உன் வீட்டுல, எனக்கு இடம் இருக்கா?"

வீபே என் வாயைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பதில் சொல்லித் தொலையேன்யா!" என்று த்ரூடி மாடியிலிருந்து கத்தினாள். "எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு!"

"எனக்கும் கேட்டுச்சு" என்றான் வீபே. அவன் கண் நிறைந்திருந்தது. "இருக்கு, யோபி. ரொம்ப நாளா இருக்கு." பிறகு கையைக் காதுப் பக்கம் தூக்கினான். "இன்னொரு தடவை சொல்லு."

"அதான் கேட்டுச்சுன்னியே?"

"கேட்டுச்சு. அதனாலதான்."

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, கடிதத்தின் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.