தட்டி வீட்டுப் பன்றிக்குட்டி

1

இந்தக் கதை எனக்கு மாரிகுப்பம் ரயிலில் கிடைத்தது. எதிர் சீட்டில் ஷாலினி. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். மகள் தென்றலின் பள்ளி விழாவுக்கு, மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை நாடகமாக எழுதித் தருவதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பனி மூடிய ஊரிகம் ஸ்டேஷனில் ஒரு காலை..."

வேண்டாம், இப்படித் தொடங்கியதை அடித்துவிட்டேன். ரயில் என்றாலே பனியை இறக்கிவிடுகிறோம்.

2

வைக்கோல் வீடு, தட்டி வீடு, செங்கல் வீடு. ஓநாய் ஊத, முதல் இரண்டும் விழும். அதுவரை எல்லாப் புத்தகமும் ஒரே பேச்சு. அப்புறம்தான் தகராறு. பழைய புத்தகத்தில் இரண்டு குட்டிகளையும் ஓநாய் தின்றுவிட்டு, கடைசியில் கொதிக்கிற அண்டாவில் விழுகிறது. புதியதில் குட்டிகள் செங்கல் வீட்டுக்கு ஓடித் தப்பிக்கின்றன. ஓநாய்க்கு வால் மட்டும் சுடுகிறது. (செல்போனில் வரும் ஒன்றில் ஓநாய் மன்னிப்புக் கேட்டுப் பாடுகிறது. ஷாலினி அதைப் பாதியில் நிறுத்திவிட்டாள். நானும்தான்.)

அண்டாவா ஓட்டமா என்று அவள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்க, தட்டி வீட்டுக் குட்டியாக நடிக்கவேண்டிய தென்றல் முரண்டு பிடித்தாள். அவர்கள் இருப்பது சாம்பியன் ரீப்ஸ் லைனில்.* மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை.

"நம்ம ஊடு ஊதுனா உழுந்துடுமா? எல்லாரும் சிரிப்பாங்க. நான் போவல."

ஷாலினிக்குச் சுருக்கென்றது. அவள் பிறந்ததும் அதே வீட்டில்தான்.

* தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை. அடுத்த வீட்டில் மிளகாய் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும்.

3

(இங்கே ஷாலினியை அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆளில்லை.)

விழுமா என்று பார்த்துவிடலாம் என்றாள் மகளிடம். கன்னம் உப்ப மூச்சை இழுத்து, ஓநாய் மாதிரி உறுமி, சுவரைப் பார்த்து ஊதினாள். சுவர் அசையவில்லை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுப் பாப்பம்மா, இன்னா சத்தம் என்று கேட்டார். அவருக்கும் அடுத்த வீட்டு மோசஸ், யாருக்கு இன்னா ஆச்சு என்று பாப்பம்மாவைக் கேட்டார். கேள்வி லைன் கடைசி வரை போய், பதிலாக நாலு பேர் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் கழி.

தென்றல் தரையில் உருண்டு சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "அந்தக் குட்டிங்க இன்னாத்துக்குமா தனித்தனியா ஊடு கட்டிச்சிங்க?" என்று கேட்டாள்.

ஷாலினி இரண்டு புத்தகத்தையும் மூடிவைத்தாள்.

4

விழாவுக்கு நானும் போனேன். முடிவு ஓசியில் கிடைக்கும் என்ற பேராசைதான். மேடையில் மூன்று வீடும் ஒட்டிக்கொண்டு ஒரே வரிசையாக நின்றன. ஓநாய் வேஷம் போட்ட பவன் உயிரைக் கொடுத்து ஊதினான். அட்டை வீடுதானே, நிஜமாகவே ஆடியது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஷாலினி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

தென்றல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். இடுப்பில் கை.

"ஊது. இன்னும் நல்லா ஊது. இது லைன் ஊடு. ஒன்ன தள்ளணும்னா எல்லாத்தையும் தள்ளணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைதட்டலில் பவனுக்கு வசனம் மறந்துபோய், பாவம், வாயைத் திறந்தபடி நின்றான். ஓநாய் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அண்டாவில் போடுவீர்களோ, உட்காரவைத்து டீ கொடுப்பீர்களோ, உங்கள் பாடு. நான் எழுதப்போவதில்லை, தட்டி வீட்டுக்காரியைக் கேட்டுச் செய்யுங்கள்.